எந்தப் படத்தைப் போடுவார்கள்?

2005 ஆகஸ்ட் கடைசியில் கத்ரீனா புயல் தாக்கி நியூ ஆர்லியன்ஸின் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தபோது, நகரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் மார்பளவு தண்ணீரில் நடந்து உணவு தேடினார்கள். அப்படி நடந்தவர்களின் இரண்டு புகைப்படங்கள் யாஹூவின் செய்திப் பக்கத்தில் வெளியாயின. ஒன்று அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனம் அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு கறுப்பின இளைஞர். மளிகைக் கடையைச் சூறையாடிவிட்டுத் தண்ணீரில் வருகிறார் என்றது படக்குறிப்பு. இன்னொன்று ஏஎஃப்பி என்ற பிரெஞ்சுச் செய்தி நிறுவனம் வழியாக வந்தது. அதில் வெள்ளையினத்தவராகத் தெரியும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவர்கள் உள்ளூர்க் கடையிலிருந்து ரொட்டியையும் குளிர்பானத்தையும் ‘கண்டெடுத்து’ வருகிறார்களாம்.

யாரோ இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக ஒட்டினார்கள். அப்போது ட்விட்டர் பிறக்கவில்லை. ஃபேஸ்புக் மாணவர் வட்டத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் அந்த ஒட்டுப்படம் வலைப்பதிவுகளிலும் மின்னஞ்சல்களிலும் சில நாட்களில் அமெரிக்கா முழுக்கப் பரவியது. அதற்கு விளக்கவுரையே தேவைப்படவில்லை.

புகைப்படக்காரர்கள் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். அந்த இளைஞர் கடைக்குள் போய்ப் பொருட்களை எடுத்து வந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்றது ஏபி. கடையிலிருந்து மிதந்து வந்தவற்றையே அந்த இருவரும் எடுத்தார்கள் என்றார் மற்றவர். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு கண்கள். இரண்டு படக்குறிப்புகளையும் ஒரே ஆசிரியர் உட்கார்ந்து எழுதவில்லை. இந்த விளக்கத்தை நம்பலாம் என்றே நினைக்கிறேன். நம்பினால் விஷயம் இன்னும் மோசமாகிறது. கெட்ட எண்ணம் கொண்ட ஓர் ஆசிரியர் இருந்திருந்தால் அவரை நீக்கிவிட்டுப் போயிருக்கலாம். செய்தித் தொழிலின் பழக்கத்தை யார் நீக்குவது? அதே வாரத்தில் சூப்பர்டோம் அரங்கில் தங்கியிருந்தவர்களிடையே கொலையும் பாலியல் வன்முறையும் தலைவிரித்தாடுவதாகத் தொலைக்காட்சிகள் சொல்லிக்கொண்டே இருந்தன. பெரும்பாலானவை வெறும் வதந்தி என்று ஒரு மாதத்துக்குள் அந்த ஊர்ப் பத்திரிகையே விசாரித்து எழுதியது. அதற்குள் தண்ணீரில் கிடந்தவர்கள் கலகக்காரர்கள் என்ற படிமம் ஆழப் பதிந்துவிட்டது.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இணையப் போராட்டம் என்றதும் காவல்துறையின் துப்பாக்கியும் அதற்கு எதிரான கோபமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கோபம் எந்த வடிவம் எடுக்கிறது, எப்போது எழுகிறது, யாருக்காக எழுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அதற்குமுன் ஒரு செய்தி இருக்கும். அல்லது வந்திருக்க வேண்டிய செய்தி வராமல் போயிருக்கும். செய்தி ஊடகம் இந்தப் போராட்டத்தின் எதிராளி. அதே சமயம் அதன் ஒலிபெருக்கியும் அதுவே. இந்த இரட்டை உறவைப் புரிந்துகொள்ளாமல், காவலர்களின் கையில் கறுப்பினத்தவர் இறந்து போராட்டம் வெடித்த ஃபெர்குசனையும் மினியாபொலிஸையும் புரிந்துகொள்ள முடியாது.

உறவு பழையது. அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பத்திரிகையான ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ 1827 மார்ச்சில் நியூயார்க்கில் தொடங்கியபோது, எங்கள் வழக்கை நாங்களே வாதாட விரும்புகிறோம், நெடுங்காலமாக மற்றவர்கள் எங்களுக்காகப் பேசிவிட்டார்கள் என்று முதல் இதழிலேயே அறிவித்தது. 1892இல் மெம்பிஸில் ஐடா பி. வெல்ஸ், கும்பல் கொலைகளுக்கு வெள்ளையர் பத்திரிகைகள் சொன்ன காரணங்கள் பொய் என்று எழுதினார். அவருடைய அச்சகத்தை உடைத்தார்கள். 1955இல் மிசிசிப்பியில் 14 வயது எம்மட் டில் கொல்லப்பட்டபோது, சிதைந்த முகத்தை ஊரே பார்க்கட்டும் என்று தாய் மேமி டில் சவப்பெட்டியைத் திறந்துவைத்தார். அந்தப் படத்தை அச்சிட்டது ‘ஜெட்’ என்ற கறுப்பின வார இதழ். 1968இல், நகரக் கலவரங்களை ஆராய ஜனாதிபதி ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம் தன் அறிக்கையில் ஓர் அத்தியாயம் முழுவதையும் ஊடகத்துக்கு ஒதுக்கியது. வெள்ளையரின் கண்ணால் மட்டுமே உலகைப் பார்க்கிறீர்கள் என்று பத்திரிகைகளைக் கடிந்துகொண்டது. செய்தியறைப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆசிரியப் பொறுப்புகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்றும் கணக்குக் காட்டியது. 2000ஆம் ஆண்டுக்குள் இதைச் சரிசெய்துவிடுவோம் என்று நாளிதழ் ஆசிரியர்கள் சங்கம் 1978இல் உறுதி சொன்னது. அந்த ஆண்டு வருவதற்கு முன்பே கெடுவைத் தள்ளிவைத்தார்கள்.

ஆக, இணையம் வந்தபோது கோரிக்கை புதிதாகப் பிறக்கவில்லை. அச்சகமும் அலைவரிசையும் இல்லாதவர்களுக்கு ஒரு கருவி கிடைத்தது, அவ்வளவுதான். கத்ரீனா கொடுத்த கோபத்தில் ஜேம்ஸ் ரக்கரும் வான் ஜோன்ஸும் ‘கலர் ஆஃப் சேஞ்ச்’ என்ற அமைப்பை 2005இல் தொடங்கினார்கள். மின்னஞ்சல் பட்டியலும் கையெழுத்து மனுவும்தான் அதன் ஆயுதங்கள். இரண்டு ஆண்டுகளில் அதற்கு ஒரு பெரிய சோதனை வந்தது.

ஜீனா: செய்தி வராத ஊர்

லூசியானா மாநிலத்தில் ஜீனா என்ற சிற்றூர். மக்கள்தொகை சுமார் 3,000. அதன் உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் ஒரு மரம். 2006 ஆகஸ்டின் கடைசி நாளில் நடந்த ஒரு பள்ளிக் கூட்டத்தில், அந்த மரத்தடியில் நாங்களும் உட்காரலாமா என்று ஒரு கறுப்பின மாணவர் கேட்டார். எங்கு வேண்டுமானாலும் உட்காருங்கள் என்று பதில் வந்தது. மறுநாள் காலையில் மரக்கிளையில் தூக்குக் கயிறுகள் தொங்கின. அமெரிக்கத் தெற்கில் மரத்தில் தொங்கும் கயிறு என்ன சொல்கிறது என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கயிறு கட்டிய வெள்ளையின மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் பரிந்துரைத்தார். மேலிடமோ குறும்பு என்று கருதித் தற்காலிக இடைநீக்கத்தோடு முடித்துக்கொண்டது. டிசம்பரில் ஒரு வெள்ளையின மாணவரைக் கறுப்பின மாணவர்கள் சேர்ந்து அடித்தார்கள். அவர் மருத்துவமனைக்குப் போனார், அன்றே வீடு திரும்பினார். அடித்த ஆறு பேரில் ஐந்து பேர்மீது முதலில் பாய்ந்தது கொலை முயற்சி வழக்கு.

இதெல்லாம் உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்தது. தேசிய ஊடகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2007 மே மாதத்தில் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நிருபர் ஹோவர்ட் விட் எழுதிய கட்டுரைதான் ஊருக்கு வெளியே கதையை எடுத்துச் சென்றது. அதைக் கையில் எடுத்தவர்கள் கறுப்பின வலைப்பதிவர்கள். தங்கள் உலகத்துக்கு ‘ஆஃப்ரோஸ்பியர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒருவர் பதிவை ஒருவர் மேற்கோள் காட்டி எழுதிய சிறு கூட்டம் அது. கட்டுரையை நகலெடுத்தார்கள், நீதிமன்றத் தேதிகளைப் பட்டியலிட்டார்கள், சட்டச் செலவுக்குப் பணம் திரட்டினார்கள், மாநில ஆளுநருக்கு மனு அனுப்பினார்கள். பின்னால் கறுப்பின வானொலி நிகழ்ச்சிகள் சேர்ந்துகொண்டன. முதலில் விசாரிக்கப்பட்ட மாணவரை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி குற்றவாளி என்றது. செப்டம்பர் 20 அன்று நாடெங்கிலுமிருந்து பஸ்களில் பல்லாயிரம் பேர் அந்தச் சிற்றூருக்குள் வந்து இறங்கினார்கள். சிஎன்என் முதல் எல்லாக் கேமராக்களும் அன்று அங்கே இருந்தன. இவ்வளவு பெரிய கூட்டத்தை யார் திரட்டினார்கள் என்பதே பல தொலைக்காட்சி நிலையங்களுக்குப் புதிராக இருந்தது. விட் மட்டும், இது இணையத்திலிருந்து எழுந்த இயக்கம் என்று ஊர்வலத்துக்கு முன்பே எழுதியிருந்தார்.

ஜீனாவில் நாம் முதன்முதலாகப் பார்க்கும் வழித்தடம் பிறகு பலமுறை திரும்ப வந்தது. ஊடகம் பேசாத ஒன்று. அதைப் பற்றி எங்கோ ஒரே ஒரு நல்ல செய்தி. அதைப் பிடித்துக்கொண்டு இணையம் எழுப்பும் சத்தம். அந்தச் சத்தத்தையே செய்தியாக்கிக்கொண்டு பெரிய ஊடகத்தின் வருகை. இடையில் இருக்கும் அந்த ஒற்றைச் செய்தியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். விட் எழுதியிராவிட்டால் பதிவர்களுக்குக் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

ஜீனாவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊர்வலம் முடிந்த அடுத்த மாதமே, உள்ளூர் வார இதழின் துணை ஆசிரியர் ஒரு தேசியப் பத்திரிகையில் மறுப்பு எழுதினார். மரம் வெள்ளையருக்கு மட்டுமானதாக இருக்கவில்லை, கயிற்றுக்கும் அடிதடிக்கும் நேரடித் தொடர்பில்லை, இணையத்தில் ஓடிய கதையைச் சரிபார்க்காமல் பெரிய ஊடகங்கள் ஒப்பித்தன என்பது அவர் வாதம். அவர் சொன்னவை எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் தாமதமாக ஓடிவந்த ஊடகம், தாமதத்துக்குப் பரிகாரம்போலக் கதையை வழவழப்பாக்கிவிட்டது என்பதில் உண்மை இருக்கிறது. மூலைமுடுக்குகளோடு இருந்த ஒரு சிக்கலான சம்பவம் நீதிக்கதையாகி, மூலைகள் வெளிப்பட்டபோது எதிர்த்தரப்புக்குத் தீனியானது. மேல்முறையீட்டில் முதல் தீர்ப்பு ரத்தானது. 2009இல் எஞ்சிய ஐவர் சிறு குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்று, அபராதத்தோடும் ஏழு நாள் நன்னடத்தைக் கண்காணிப்போடும் வெளியே வந்தார்கள். கொலை முயற்சியில் ஆரம்பித்த வழக்கு முடிந்தது அங்கேதான். அந்த இடைவெளியே, சத்தம் போட்டவர்களின் அடிப்படைக் குறை நியாயமானது என்பதற்குப் போதுமான சான்று.

2012 பிப்ரவரி 26 அன்று ஃப்ளோரிடாவின் சான்ஃபர்டில் 17 வயது ட்ரேவான் மார்ட்டின் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் ஆரம்பத்தில் உள்ளூர்ச் செய்தி மட்டுமே வந்தது. சுட்ட குடியிருப்புக் காவல் தன்னார்வலர் கைதாகவில்லை. குடும்பத்தின் வழக்கறிஞர்கள் ஒரு மக்கள்தொடர்பு நிபுணரை அமர்த்தி, ராய்ட்டர்ஸுக்கும் சிபிஎஸ்ஸுக்கும் கதையைக் கொண்டுசேர்த்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த ஓர் இளம் சட்டப் பட்டதாரி சேஞ்ச் டாட் ஆர்க் தளத்தில் மனு தொடங்கினார். அது பெற்றோர் பெயருக்கு மாறி 20 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. எம்ஐடி ஆய்வாளர்கள் இந்த வழக்கின் செய்தி ஓட்டத்தை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்து 2014இல் வெளியிட்ட கட்டுரை, இணையமே எல்லாவற்றையும் செய்தது என்ற பெருமிதத்தைச் சற்றுத் தணிக்கிறது. கதை பெரிதானதில் தொலைக்காட்சியின் பங்கு மிகப் பெரியது. ஆனால் தொலைக்காட்சி எந்தக் கோணத்தில் பேசியது என்பதில் இணையத்தவருக்குக் கை இருந்தது. சுட்டவர் கைதாக ஆறு வாரங்கள் ஆயின.

அந்த ஆறு வாரங்களில் படங்களின் போர் ஒன்று நடந்தது. மார்ட்டினின் குழந்தைமுகம் தெரியும் ஒரு சிவப்புச் சட்டைப் படத்தைத்தான் ஊடகம் முதலில் காட்டியது. அது பழைய படம், ஏமாற்று என்று கிளம்பிய எதிர்ப்பிரசாரம், முரடராகத் தெரியும் படங்களைத் தேடி அலைந்தது. வேறு யாருடைய படத்தையோ அவருடையது என்று பரப்பியதும் நடந்தது. ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஹெரால்டோ ரிவேரா, சாவுக்கு அந்தப் பையன் அணிந்திருந்த ஹூடியும் காரணம் என்றார். விளைவு, ஹூடியே சின்னமானது. மயாமி ஹீட் கூடைப்பந்து அணியினர் ஹூடி அணிந்து தலைகுனிந்து நிற்கும் படம் வந்தது. என்பிசியோ சுட்டவரின் தொலைபேசிப் பேச்சை வெட்டி ஒட்டி ஒளிபரப்பியது. காவல்துறைப் பணியாளர் கேட்ட பிறகே அவர் பையனின் நிறத்தைச் சொன்னார். கேள்வியை நீக்கிவிட்டதால் தானாகவே நிறத்தைச் சொன்னதுபோல் ஆயிற்று. என்பிசி மன்னிப்புக் கேட்டது. அந்தத் தவறு கறுப்பினத்தவருக்குச் சாதகமாக விழுந்தது என்று நினைப்பவர்கள், எதிர்த்தரப்பு அதை எத்தனை ஆண்டுகள் தூக்கிப் பிடித்தது என்று பார்க்க வேண்டும்.

2013 ஜூலையில் சுட்டவர் விடுதலையானார். அன்றிரவு அலிசியா கார்ஸா ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு பதிவிலிருந்தும், அதற்கு பாட்ரிஸ் கல்லர்ஸ் போட்ட ஹேஷ்டேக்கிலிருந்தும் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ (கறுப்பின உயிர்களும் முக்கியம்) பிறந்தது. ஓபல் டோமெட்டியும் சேர்ந்துகொண்டார். ஆனால் பிறந்தவுடன் ஓடவில்லை. டீன் ஃப்ரீலான் முதலிய மூன்று ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, 2014 ஜூன் மாதம் முழுவதிலும் அந்த ஹேஷ்டேக் 48 பொதுப் பதிவுகளில்தான் இருந்தது. ஆகஸ்டில் 52,288. இடையில் நிகழ்ந்தது ஃபெர்குசன்.

‘என்னைச் சுட்டுக் கொன்றால்’

2014 ஆகஸ்ட் 9 நண்பகலில் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசனில் 18 வயது மைக்கேல் பிரவுன் ஒரு காவலரால் சுடப்பட்டார். ஏறத்தாழ நான்கு மணி நேரம் உடல் வெயிலில் தெருவில் கிடந்தது. அக்கம்பக்கத்தவர் கைபேசியில் எழுதினார்கள், படமெடுத்தார்கள். செயின்ட் லூயிஸ் நகரமன்ற உறுப்பினர் அன்டோனியோ ஃப்ரெஞ்ச் தெருவிலேயே நின்று வைன் என்ற தளத்தில் ஆறு நொடிக் காணொளிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஆரம்ப நாட்களில் பல செய்தியறைகளுக்கு அவரே நிருபர்.

பிரவுனின் படமாகச் சில ஊடகங்கள் தேர்ந்தெடுத்தது, அவர் கையை உயர்த்தி விரல்களால் சைகை காட்டி நிற்கும் ஒன்றை. அது ரவுடிக் கும்பலின் சைகை என்று சிலர் பேசத் தொடங்கினார்கள். மறுநாளே மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்து வழக்கறிஞர் சி.ஜே. லாரன்ஸ் தன்னுடைய இரண்டு படங்களை ட்விட்டரில் போட்டார். ஒன்றில் பட்டமளிப்பு உடை, முன்னாள் ஜனாதிபதி கிளின்டன் பக்கத்தில். மற்றதில் கறுப்புக் கண்ணாடி, கையில் மதுப்புட்டி. காவல்துறை என்னைச் சுட்டுக் கொன்றால் ஊடகம் இந்த இரண்டில் எதைப் போடும் என்பது கேள்வி. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான கறுப்பின இளைஞர்கள் அதே கேள்வியைத் தங்கள் இரண்டிரண்டு படங்களோடு கேட்டார்கள். ராணுவச் சீருடையும் விருந்துக் கூத்தும். கல்லூரிக் கழுத்துப்பட்டையும் தெருமுனை நிற்பும். கத்ரீனாவின் ஒட்டுப்படத்தில் இருந்தது ஊடகத்தின் இரண்டு படக்குறிப்புகள். இப்போது ஒவ்வொருவரும் தன் மரணச் செய்தியைத் தானே முன்கூட்டி வடிவமைத்துக் காட்டினார்கள்.

எனக்கு இந்தக் கட்டத்தில் ஒரு நெருடல் உண்டு. பட்டமளிப்பு உடைப் படம் இல்லாதவர் என்ன செய்வார்? பள்ளியைப் பாதியில் விட்ட ஒருவரைச் சுட்டால் குற்றம் குறைந்துவிடுமா? கறுப்பின எழுத்தாளர்கள் சிலரே அப்போது இதைக் கேட்டார்கள். ஊடகம் வைத்த ‘நல்லவனா, கெட்டவனா’ என்ற தேர்வுத்தாளை இந்த ஹேஷ்டேக்கும் ஓரளவு எழுதிக்கொண்டிருந்தது. அடுத்தவர் போட்ட கோட்டை மறுக்கப் போய் அதே கோட்டில் நிற்பது எந்தப் போராட்டத்துக்கும் நேரக்கூடிய ஆபத்துதான்.

பிரவுனின் இறுதிச்சடங்கு நாளான ஆகஸ்ட் 25 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ அவருடைய வாழ்க்கைச் சித்திரத்தை வெளியிட்டது. பொறுமையாகச் செய்தி சேகரித்து, கறுப்பின நிருபர் ஒருவரே எழுதியது. ஆனால் நடுவில் ஒரு வரி, இந்தப் பையன் தேவதையல்ல என்று சொன்னது. இணையம் கொதித்தது. கொலைகாரர்களைப் பற்றி அதே பத்திரிகை எவ்வளவு கனிவாக எழுதியிருக்கிறது என்று பழைய இதழ்களிலிருந்து வரிகளைத் தோண்டிப் போட்டார்கள். வாசகர் குறைகளை ஆராய அந்தப் பத்திரிகை வைத்திருந்த ஆசிரியர் மார்கரெட் சல்லிவன், சொல்தேர்வு தவறு என்று ஒப்புக்கொண்டார். கறுப்பினத்தவரில் ட்விட்டர் பயன்படுத்துபவர்களின் விகிதம் வெள்ளையரைவிட அதிகம் என்று பியூ ஆய்வு மையம் அந்த ஆண்டுதான் சொல்லியிருந்தது: இணையம் பயன்படுத்துபவர்களில் 22 சதவீதம், எதிரில் 16 சதவீதம். ‘பிளாக் ட்விட்டர்’ என்று ஏற்கெனவே பெயர்பெற்றிருந்த அந்த வட்டம், செய்தித்தாளின் பிழைதிருத்துநராகவே மாறிவிட்டது. 2015இல் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ பிளாக் ட்விட்டரைப் பற்றி எழுதுவதற்கென்றே ஒரு நிருபரை நியமித்தது.

ஃபெர்குசனில் கண்ணீர்ப்புகையும் கவச வண்டிகளும் இறங்கிய பிறகு கேமராக்கள் குவிந்தன. ஆகஸ்ட் 13 அன்று ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் கைபேசிக்கு மின்னூட்டிக்கொண்டிருந்த இரண்டு நிருபர்களைக் காவல்துறை கைதுசெய்தது. அது தேசியச் செய்தியின் தொனியையே மாற்றியது. தங்கள் ஆட்கள்மீது கை விழுந்தபோதுதான் ஊடகத்துக்குச் சுரணை வந்தது என்று இணையத்தில் கேலி செய்தார்கள். கேலி சற்றுக் கடுமை, பொய் அல்ல. அந்த வாரத்தில் தளங்களின் குணமும் வெளிப்பட்டது. சமூகவியலாளர் ஸெய்னெப் டுஃபெக்சி கவனித்து எழுதினார்: அவருடைய ட்விட்டரில் ஃபெர்குசன் எரிந்துகொண்டிருந்தபோது, யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் ஃபேஸ்புக்கின் கணிப்புநிரல் வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொள்ளும் அறக்கொடை விளையாட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. நாளிதழின் முதல் பக்கத்தைத் தீர்மானிப்பவரை எதிர்த்துப் பேசலாம். நிரலிடம் யார் போய்ப் பேசுவது?

நவம்பர் 24 அன்று, சுட்ட காவலர்மீது வழக்கு இல்லை என்ற பெருநடுவர் குழுவின் முடிவை அறிவித்த அரசு வழக்கறிஞர் ராபர்ட் மக்குல்லக், விசாரணைக்குப் பெரிய இடையூறாக இருந்தவை 24 மணி நேரச் செய்தியின் பசியும் சமூக ஊடக வதந்தியும் என்று சாடினார். அன்றிரவே தொலைக்காட்சித் திரைகள் பாதிக்குப் பாதி பிரிந்து, ஒரு பக்கம் நிதானம் காக்கச் சொல்லும் ஒபாமாவையும் மறுபக்கம் புகையையும் காட்டின.

2015 மார்ச் 4 அன்று அமெரிக்க நீதி அமைச்சகம் இரண்டு அறிக்கைகளை ஒருசேர வெளியிட்டது. கைகளை உயர்த்தியபடி பிரவுன் சுடப்பட்டார் என்ற சாட்சியங்களை நம்பி வழக்குத் தொடுக்க முடியாது என்றது ஒன்று. ‘கையைத் தூக்கிவிட்டேன், சுடாதே’ என்று முழங்கியவர்களுக்கு அது கசப்பு. ஃபெர்குசன் காவல்துறை கறுப்பினத்தவரை அபராதம் கறக்கும் ஊற்றாக நடத்தியது என்றது மற்றது. மக்கள்தொகையில் 67 சதவீதமான அவர்கள், கைதானவர்களில் 93 சதவீதம். ஒரு மனிதனின் கடைசி நொடிகளைச் சுற்றி நாடே சுழன்றபோது, அந்த ஊரின் அன்றாடம் இரண்டாவது அறிக்கையில்தான் இருந்தது. சம்பவத்துக்கு ஓடி, அன்றாடத்தைக் கோட்டைவிடும் செய்திப் பழக்கம் இணையப் போராட்டத்துக்கும் தொற்றியிருந்தது.

ஃபெர்குசன் ஊடகத்தைத் தொட்ட இடமும் உண்டு. காவலர்கள் ஆண்டுக்கு எத்தனை பேரைச் சுட்டுக் கொல்கிறார்கள் என்ற முழுமையான கணக்கு அமெரிக்க அரசிடம் இல்லை என்பதை ஆர்வலர்கள் சுட்டிக்காட்டியபின், 2015 முதல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ தானே எண்ணத் தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 1,000 பேர். மக்கள்தொகை விகிதப்படி கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

கேமரா இல்லாத சாவுகள்

சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா மேடைகளில் ஒரு பயிற்சி செய்வார். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். நான் சொல்லும் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டால் உட்காருங்கள். எரிக் கார்னர், மைக்கேல் பிரவுன், ஃப்ரெடி கிரே என்று ஆண்களின் பெயர்களைச் சொல்லும்போது பெரும்பாலோர் நின்றுகொண்டிருப்பார்கள். காவல்துறையின் கையில் இறந்த கறுப்பினப் பெண்களின் பெயர்களைத் தொடங்கியதும் அரங்கமே உட்கார்ந்துவிடும். ஊடகம் யாரைக் காட்டியதோ அவர்களுக்காகவே ஹேஷ்டேக்கும் எழுந்தது என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் தெரியவில்லை. அவருடைய அமைப்பு 2014 டிசம்பரில் தொடங்கிய ‘சே ஹெர் நேம்’ (அவள் பெயரைச் சொல்) இயக்கத்தின் குறி இரண்டு: ஊடகம், கூடவே தன் சொந்த இயக்கமும்.

2020 மார்ச் 13 நள்ளிரவில் லூயிவில் நகரத்தில் பிரியானா டெய்லர் தன் வீட்டுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டபோது பாடம் மீண்டும் நடந்தது. காணொளி இல்லை. காவல்துறையின் சம்பவ அறிக்கையில் காயங்கள் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டு மாதம் அது லூயிவில்லின் செய்தியாகவே இருந்தது. மே மாதத்தில்தான் நாடு அவர் பெயரைச் சொல்லத் தொடங்கியது.

மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் ஒரு காவலரால் கொல்லப்பட்டார். காவல்துறையின் முதல் அறிவிப்பு, காவலர்களுடனான சந்திப்பின்போது ஏற்பட்ட மருத்துவச் சிக்கலால் ஒருவர் இறந்தார் என்றது. வழக்கமான ஒரு நாளில் அந்த அறிவிப்பு நான்கு வரிச் செய்தியாகி முடிந்திருக்கும். செய்தியறைகளில் ஆட்குறைப்பு நடந்து, குற்றச்செய்தி நிருபர் காவல்துறையின் மின்னஞ்சலைத் திருத்திப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளும் காலம் இது. 17 வயது டார்னெல்லா ஃபிரேஸியர் தன் கைபேசிக் காணொளியை அன்றிரவே ஃபேஸ்புக்கில் ஏற்றியதால் அறிவிப்பு பிழைக்கவில்லை. மே 26 முதல் ஜூன் 7 வரை ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ ஹேஷ்டேக் ட்விட்டரில் நாளொன்றுக்குச் சராசரியாக 37 லட்சம் முறை பயன்பட்டது என்று பியூ எண்ணியது. புலிட்சர் குழு 2021இல் ஃபிரேஸியருக்குச் சிறப்பு விருது கொடுத்தது.

அந்தக் கோடையில் சண்டை செய்தியறைக்குள்ளேயே போய்விட்டது. ‘பிட்ஸ்பர்க் போஸ்ட் கெஜட்’ இதழின் கறுப்பின நிருபர் அலெக்ஸிஸ் ஜான்சன், குப்பையும் அலங்கோலமுமான ஒரு வாகன நிறுத்துமிடத்தின் படங்களைப் போட்டு, சுயநலக் கொள்ளையர்கள் செய்த நாசத்தைப் பாருங்கள் என்று எழுதினார். கூடவே, மன்னிக்கவும், இது கென்னி செஸ்னியின் இசை நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் விட்டுப்போனது என்று முடித்தார். ‘கன்ட்ரி’ இசைக் கச்சேரி. கூட்டம் பெரும்பாலும் வெள்ளையர். அந்தக் குறும்புக்காக, நீங்கள் சார்புடையவர் என்று சொல்லி ஆர்ப்பாட்டச் செய்திகளிலிருந்து அவரை நிர்வாகம் ஒதுக்கியது. சக ஊழியர்கள் அதே பதிவைத் தங்கள் பெயரில் வரிசையாகப் போட்டார்கள். ‘ஃபிலடெல்ஃபியா இன்க்வயரர்’ கட்டிடங்களும் முக்கியம் என்ற பொருளில் வைத்த தலைப்பு அதன் மூத்த ஆசிரியரின் பதவியைப் பறித்தது. ராணுவத்தை அனுப்புங்கள் என்ற செனட்டர் ஒருவரின் கட்டுரையை வெளியிட்ட ‘நியூயார்க் டைம்ஸ்’ கருத்துப் பக்க ஆசிரியர், சொந்த ஊழியர்களே ட்விட்டரில் திரண்டு எதிர்த்ததும் விலகினார். கட்டுரையை வெளியிட்டது தவறா, ஆசிரியரைப் போகவிட்டது தவறா என்று இன்றும் பத்திரிகையாளர்கள் இரண்டு பட்டு நிற்கிறார்கள்.

கவனம் இவ்வளவு குவிந்தால் போலிகளும் வரும். ரஷ்யாவின் இணையப் பிரசாரக் கூடம் அமெரிக்காவில் அதிகமாகக் குறிவைத்தது கறுப்பினத்தவரைத்தான் என்று செனட் உளவுக் குழு 2019இல் சொன்னது. அவர்கள் நடத்திய ‘பிளாக்டிவிஸ்ட்’ என்ற ஃபேஸ்புக் பக்கத்துக்கு உண்மையான இயக்கத்தின் பக்கத்தைவிட அதிக விருப்பக்குறிகள் இருந்தன. நல்லெண்ணமும் தன் பங்குக்குக் கெடுத்தது: 2020 ஜூன் 2 அன்று லட்சக்கணக்கானோர் இன்ஸ்டகிராமில் வெறும் கறுப்புச் சதுரத்தை இயக்கத்தின் ஹேஷ்டேக்கோடு போட்டார்கள். எங்கே ஆர்ப்பாட்டம், எங்கே மருத்துவ உதவி என்று அந்த ஹேஷ்டேக்கில் தேடியவர்களுக்குச் சதுரங்களே கிடைத்தன. அந்தக் குறியை நீக்குங்கள் என்று அமைப்பாளர்கள் கெஞ்ச வேண்டியிருந்தது.

2023 ஜனவரியில் மெம்பிஸில் காவலர்கள் அடித்து டயர் நிக்கல்ஸ் இறந்தார். ஒரு ‘மோதல்’ ஏற்பட்டது என்றது முதல் அறிவிப்பு. அடித்த ஐவரும் கறுப்பினத்தவர். இந்த முறை காணொளியை வெளியிட்டது நகர நிர்வாகமே. ஜனவரி 27 மாலையில் வரும் என்று முன்கூட்டியே சொன்னது. தொலைக்காட்சிகள் நாள் முழுவதும் அதற்காகக் காத்திருந்து பேசின. கறுப்பினப் பயனர்கள் பலர் அன்று அதைப் பகிர மறுத்தார்கள். அவர்கள் பகிர்ந்தது நிக்கல்ஸ் சறுக்குப்பலகையில் விளையாடும் பழைய காணொளியையும், அவர் எடுத்த சூரிய அஸ்தமனப் படங்களையும். பார்த்துப் பார்த்து மரத்துப்போகிறோம், எங்கள் பிள்ளைகளின் சாவு இவர்களுக்கு மாலைநேர நிகழ்ச்சியாகிவிட்டது என்பது அவர்கள் வாதம். காணொளி இல்லாவிட்டால் ஃபிளாய்டைக் கொன்றவருக்கு 2021இல் தண்டனை கிடைத்திருக்காது, மேமி டில் பெட்டியை மூடியிருந்தால் 1955 இப்படி நினைவில் நின்றிருக்காது என்பது மறுவாதம். இரண்டையும் பேசுபவர்கள் ஒரே தரப்பினர். சில சமயம் ஒரே ஆள். அடுத்த காணொளி வெளிவரும் நாளில் இந்த விவாதம் முதலிலிருந்து மறுபடி நடக்கும்.